மறு: தாவர ஹார்மோன் – தமிழில் என்ன சொல்லலாம்?

> 'இயக்குநீர்' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, 'தாவர இயக்குநீர்' போதாதா?

எத்திலீன் என்ற தாவர ஹார்மோன் இல்லாதிருந்தால் போதும். அது வாயு. நெல்யூபோவ் என்ற ரஷ்யரின் ஆய்வகத்தில் பட்டாணி நாற்றுகள் குட்டையாகத் தடித்து, பக்கவாட்டில் சாய்ந்து வளர்ந்தன. வெளிக்காற்றில் வைத்தால் ஒழுங்காக நிமிர்ந்தன. விளக்கெரிக்கப் பயன்பட்ட வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று 1901இல் எழுதினார். ஆப்பிள் பழமே எத்திலீனை வெளியிடுகிறது என்பது 1934இல் உறுதியானது. வாயுவுக்கு 'நீர்' என்று பெயர் வைத்துவிட்டு அப்புறம் வகுப்பில் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும்.

'வளரூக்கி'யிலும் இதே வம்புதான். வளர்ச்சியைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனுக்குப் பொருந்தும். விதையை முளைக்கவிடாமல் உறங்கவைத்து, வறட்சியில் இலைத்துளைகளை மூடவைக்கும் அப்சிசிக் அமிலம் எதை ஊக்குகிறது? (அதை 'உதிர்வமிலம்' ஆக்கவும் வேண்டாம். பருத்திக்காய் உதிர்வை ஆராய்ந்தபோது கிடைத்ததால் 'உதிர்வு' என்ற பொருளில் வந்த பெயர் அது. உதிர்வில் பெரும்பங்கு எத்திலீனுக்கு என்று பிறகு தெரிந்தது.)

எல்லாவற்றுக்கும் பொதுவானது என்ன? ஓரிடத்தில் உண்டாகி, மிகச் சிறிய அளவிலேயே இன்னோரிடத்தை வேலை வாங்குவது. 1880இல் டார்வினும் மகன் பிரான்சிஸும் புல் நாற்றின் நுனியை மூடிவைத்தார்கள். வளைவது கீழ்ப்பகுதிதான், ஆனாலும் நாற்று வெளிச்சத்தின் பக்கம் வளையவில்லை. டேனிஷ் தாவரவியலாளர் பாய்சன் யென்சன் நுனியை வெட்டி, இடையில் ஜெலட்டின் வைத்து மறுபடி பொருத்தினார், வளைந்தது. நிழல் பக்கம் எதையும் ஊடுருவவிடாத மைக்காத் தகட்டைச் செருகினால் வளையவில்லை. 1926 வாக்கில் நெதர்லாந்தின் உட்ரெக்டில் வென்ட் என்ற தாவரவியலாளர் செய்ததுதான் அழகு: ஓட்ஸ் நாற்று நுனிகளை அகர் (கடற்பாசிக் கூழ்) மேல் கொஞ்ச நேரம் வைத்தார், நுனிகளை எறிந்துவிட்டு அந்த அகர் துண்டை மட்டும் நுனி வெட்டிய நாற்றின் ஒரு பக்கமாக வைத்தார். இருட்டிலேயே நாற்று எதிர்ப்பக்கம் வளைந்தது. நுனி இல்லை, அதன் ஏவல் மட்டும் வந்து சேர்ந்தது.

ஆகவே என் பரிந்துரை 'பயிரேவி'. 'வளர்' என்றும் ஏவலாம், 'நில்' என்றும் ஏவலாம். ஹார்மோனின் கிரேக்க வேரும் தூண்டி ஏவுவதைத்தான் குறிக்கிறது. வெறும் 'ஏவி' என்றால் வினையெச்சம் போல ஒலிக்கும், அதனால் கூட்டுச்சொல். 'இயக்கி'யை மென்பொருள்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஏவல், சூனியம் நினைவுக்கு வருகிறது என்பார்கள். சரி, 'ஏவுகணை'யில் அது வரவில்லையே.

ஆக்சின், ஜிப்ரெல்லின், சைட்டோகைனின் முதலிய தனிப்பெயர்களை அப்படியே விட்டுவிடலாம்.