ஈ.கோலை லைசேட் மெம்ப்ரேன்ல அடைச்சுக்குது, ஜிஎஃப்பி வெளிய வரமாட்டேங்குது

தண்டையார்பேட்டை_லேப்:
பெரிய சென்ட்ரிஃபியூஜ் ரிப்பேர்ல கெடக்குறதால, சோனிகேட் பண்ண (ஒலி அலையால ஈ.கோலை பாக்டீரியாவ ஒடச்ச) லைசேட்டை, அதாவது அந்த செல் சாறை, நேரா 0.2 மைக்ரான் ஹாலோ ஃபைபர்ல (மெல்லிசு குழாய் மெம்ப்ரேன் ஃபில்டர்) ஏத்துனேன், மொத பத்து நிமிஷம் பெர்மியேட் (மெம்ப்ரேனைத் தாண்டி வர்றது) பச்சையா ஜோரா ஓடுச்சு, அப்புறம் எங்க தெரு அடிபம்பு மாதிரி சொட்டு சொட்டா வருது, பிரஷர் ஏத்துனா இன்னும் மோசம். ஜிஎஃப்பி, அந்தப் பச்சையா ஒளிர்ற புரோட்டீன், வெறும் 27 கிலோடால்டன், அவ்ளோ பெரிய ஓட்டைல அது ஏன் சிக்கணும்? மீதி பச்சை பூரா ரிட்டென்டேட்லயே (தாண்டாம உள்ளயே சுத்துறது) நிக்குது, பேஜாரா இருக்கு.

காசிமேடு_காத்து:
இன்னா தல, ஓட்டை மேல ஏன் பழி போடுற. பைப்பெட்டால லைசேட்டை தூக்கிப் பாரு, வெண்டைக்கா மாதிரி நூல் விட்டா அது டிஎன்ஏ. அதுவும் செல் துண்டும் சேந்து மெம்ப்ரேன் மேல படலம் கட்டிடுச்சுன்னா சின்ன புரோட்டீன் கூட தாண்டாது. டிஎன்ஏஸ் (டிஎன்ஏவ வெட்டுற என்சைம்) போட்டியா?

தண்டையார்பேட்டை_லேப்:
போட்டேனே, அரை மணி நேரம் வச்சேன், கொழகொழப்பு அப்டியே தான் கீது

காசிமேடு_காத்து:
பஃபர்ல ஈடிடிஏ?

தண்டையார்பேட்டை_லேப்:
5 மில்லிமோலார்... ஐயோ

காசிமேடு_காத்து:
அதான். டிஎன்ஏஸுக்கு மெக்னீசியம் வேணும், ஈடிடிஏ அதை மொத்தமா புடிச்சு வச்சுக்கும். புரோட்டீன்ல ஹிஸ் டேக் (நிக்கல்ல ஒட்டுற வால்) இருந்தா, பின்னாடி அதைப் பிரிக்கிற நிக்கல் காலம்ல (column) இருக்குற நிக்கலையும் உரிச்சு விட்ரும். ஈடிடிஏவ தூக்கிட்டு 2 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு போடு.

பெரம்பூர்_பிராசஸ்:
தம்பி, பிரஷர் ஏத்துனா படலம் இன்னும் அமுங்கி இறுகிடும். பெர்மியேட் டியூபை கொஞ்சம் நெரிச்சு மெதுவா விடுங்க, சுத்துற பம்பை மட்டும் வேகமா ஓட்டுங்க, அந்த ஓட்டம்தான் படியுறதை அடிச்சுட்டுப் போகும். சுண்ட விடாம பஃபர் ஊத்திக்கிட்டே ஓட்டுங்க. தடையில்லாம போற புரோட்டீன் 5 வால்யூம்ல (உள்ள சுத்துற லைசேட்டோட 5 மடங்கு பஃபர்) 99 சதம் வெளிய வந்துரும், பாதி தடை இருந்தா அதே 5 வால்யூம்ல 8 சதம் உள்ளயே நிக்கும். அப்புறம் சுண்ட வைக்க 10 கிலோடால்டன் மெம்ப்ரேன் எடுங்க, 30 எடுத்தா இவ்ளோ கஷ்டப்பட்டது சிங்க்ல போயிடும் (நான் ஒரு தடவை விட்ருக்கேன், அந்தக் கதை வேணாம்).

தண்டையார்பேட்டை_லேப்:
ரெண்டு நாள் கழிச்சு வரேன். ஈடிடிஏ இல்லாம லைசேட் தண்ணி மாதிரி ஆயிடுச்சு, ஒன்றரை மணி நேரம் நிக்காம ஓடுச்சு தல!! ஆனா ரிட்டென்டேட்ல இன்னும் லேசா பச்சை இருக்கு

பெரம்பூர்_பிராசஸ்:
உடையாத செல்லா இருக்கும், இல்ல இன்க்ளூஷன் பாடி (செல்லுக்குள்ள கட்டியா சேந்துட்ட புரோட்டீன்). ஒரு சொட்டு மைக்ரோஸ்கோப்ல வச்சுப் பாத்துட்டு சொல்லுங்க. ஃபில்டர் கார்ட்ரிட்ஜை காய விட்றாதீங்க.