புதுப்பிப்பு: அப்பாவோட தூக்குக்குண்டு

போன மாசம், வீடு கட்டுற வேலை பார்த்த எங்க அப்பா தவறினப்போ அவரோட டூல்ஸை என்ன பண்றதுன்னு இங்க கேட்டிருந்தேன்ல, சுவர் நேரா நிக்குதான்னு பார்க்க நூல்ல தொங்கவிடுற தூக்குக்குண்டையும், தளம் சமமா இருக்கான்னு பார்க்குற ரசமட்டத்தையும் நானே வெச்சுக்கிட்டேன், மத்ததெல்லாம் அவர்கிட்ட தொழில் கத்துக்கிட்ட மேஸ்திரிங்களுக்குக் கொடுத்தாச்சு. ஒருத்தர் கையில வாங்கினதுமே அழுதுட்டார்.

அப்பா ஒரு வீட்டு பிளானை இன்னொரு வீட்டுக்குப் போட்டதே இல்ல, குடியிருக்கப்போறவங்ககூட உக்காந்து பேசி, பாட்டிக்கு முட்டி வலின்னா படி உயரத்தையே குறைப்பார். சின்ன வயசுல என்னைக் கயிறு பிடிக்கச் சொல்லி 3 அடி, 4 அடி அளந்து, குறுக்க சரியா 5 வந்தா மூலைமட்டம் சரி, அதாவது மூலை சரியா செங்கோணமா இருக்குன்னு காட்டினார், கணக்குப் புத்தகத்துல அது எனக்குப் பின்னாடிதான் வந்துச்சு. கான்கிரீட் போட்டா குறைஞ்சது 7 நாள் ஈரம் காயவிடமாட்டார், ராத்திரி என்னையும் கூட்டிட்டுப் போய் தண்ணி விடுவார்.

குண்டு நூல்ல அவர் போட்ட முடிச்சு அப்படியே இருக்கு, அவிழ்க்க மனசு வரல.