கரும்பு லோடு வண்டிக்கு பின்னாடி லக் போடறதா, ரிப்பே போதுமா?

கெடிலக்கரை:
அண்ணன்மாரே, ஒரு யோசனை வேணும். என்கிட்ட ஆறு சக்கர லாரி ஒண்ணு இருக்கு. 10.00-20 நைலான் டயர். கோடையில செங்கல், ஜல்லி. மழை விட்டதும் கரும்பு. பின்னாடி நாலு டயரும் பட்டன் (ரோட்டுல படற மேல் ரப்பர்) தேஞ்சு மாத்தற கட்டத்துக்கு வந்தாச்சு. இதுவரைக்கும் முன்னும் பின்னும் ரிப்தான் (நேர்க்கோடா பள்ளம் ஓடற டயர்) ஓட்டினேன். இந்தத் தடவை பின்னாடி நாலும் லக் (குறுக்குக் கட்டை வச்ச டயர்) போட்டே ஆகணும்னு டிரைவர் ஒத்தக் கால்ல நிக்கறாரு. வயல்ல இருந்து லோடோட ரோடு ஏறவே டிராக்டர் கூப்பிட வேண்டியிருக்குங்கறாரு. டயர் கடைக்காரர் ரிப்பையே போடுங்கறாரு. நமக்கு வயல் பெரும்பாலும் குறிஞ்சிப்பாடி, புவனகிரி பக்கம். யார் பேச்சைக் கேக்கறது?

முள்ளோடை டீசல்:
டிரைவர் பேச்சைக் கேளுங்க. சேத்துல இறங்கறது அவரு, கடைக்காரர் இல்ல. ரிப்புல பள்ளம் டயரைச் சுத்தி நேரா ஓடுது. களிமண் ஒருதடவை அதுல அடைச்சுதுன்னா வெளிய வர வழியே கிடையாது. அப்புறம் புது டயரும் மொட்டை டயரும் ஒண்ணுதான். லக்குல கட்டை குறுக்கால நிக்குது, பள்ளம் ஓரத்துல திறந்திருக்கு. சக்கரம் சுத்தச் சுத்த சேத்தை வெளிய வீசிட்டு அடுத்த கட்டை புது மண்ணுல ஊணும். புவனகிரி களிமண்ணுக்கு ரிப் போட்டுப் போறவன் கிளீனருக்கு பதிலா டிராக்டர்காரனையே கூட கூட்டிட்டுப் போகலாம்.

பட்டறை பாய்:
தம்பி, நல்லா பேசறீங்க. ஆனா ஒரு கணக்கு விட்டுட்டீங்க. வண்டி சேத்துல ஓடறது வயல்ல இருந்து வண்டிப்பாதை முடியற வரைக்கும். அதுக்கப்புறம் ஆலை வரைக்கும் தார். திரும்பி வர்றதும் தார். கோடையில செங்கல் ஏத்தறதும் தார். வருஷம் பூரா தார்ல ஓடற வண்டிக்கு நாலு லக்கை மாட்டி விட்டா என்ன ஆகும்னு எங்க பட்டறைக்கு வந்து பாருங்க. ஒவ்வொரு கட்டையும் ஒரு விளிம்புல தேஞ்சு, மறு விளிம்பு தூக்கிட்டு நிக்கும். உள்ளங்கையை டயர் மேல வச்சு ஒரு பக்கமா தடவினா வழவழன்னு போகும், எதிர்ப்பக்கமா தடவினா ரம்பப் பல்லு மாதிரி தடுக்கும். அந்த நிலைமைக்கு வந்த டயர் முள்ளோடையில கத்தினா கன்னியக்கோவில்ல கேக்கும்.

சத்தத்தைக்கூட பொறுத்துக்கலாம். சூட்டை என்ன பண்றது? லக்குல ரப்பர் கனம் அதிகம், உள்ள பிறக்கற சூடு லேசுல வெளிய போகாது. நைலான் டயர் எப்படியும் கம்பி நூல் வச்ச ரேடியல் டயரைவிட சூடாகற ஜாதி. அதுல ஓவர்லோடும் காத்துக் குறைவும் சேந்துதுன்னா மேல் ரப்பர் கேசிங்கை, அதாவது டயரோட உடம்பை விட்டுப் பிரிஞ்சுக்கும். சித்திரை வெயில்ல பட்டை பட்டையா ரோட்டுல கிடக்குதே, அதுல பாதி இந்தக் கதைதான்.

முள்ளோடை டீசல்:
"வயல்ல ஓடறது கொஞ்ச தூரம்தான்"னு பாய் சொல்றது சரி. அந்தக் கொஞ்ச தூரத்துலதானே அன்னிக்கு வாடகையே தங்கிப் போகுது? டிராக்டருக்குக் குடுக்கற காசு ஒரு பக்கம். கட்டு கட்டி ஏத்தின கரும்பு வண்டியிலேயே காஞ்சா எடை குறையும், சாறும் குறையும். விவசாயி யாரைத் திட்டுவாரு? டயர் தேயறது கண்ணுக்குத் தெரியுது, இது தெரிய மாட்டேங்குது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பலாத்தோப்பு:
பண்ருட்டியில இருந்து எழுதறேன். ரெண்டு பேரும் மண்ணை மறந்துட்டுப் பேசறீங்க. எங்க பக்கம் மணல் கலந்த செம்மண். இதுல லக்கைப் போட்டு ஆக்சிலேட்டரை மிதிச்சா கட்டை மண்ணை வாரி பின்னால கொட்டும். ஏறாது, இறங்கும். பின் ஆக்சில் ஹவுசிங் தரை தட்டற வரைக்கும் டிரைவருக்கே தெரியாது. மணல்ல அகலமா உக்கார்ந்து மெதுவா உருள்ற டயர்தான் வெளிய வரும், ரிப் அதுக்குத் தோது. களிமண்ணுக்குச் சொல்ற வைத்தியத்தை எல்லா ஊருக்கும் சொல்லாதீங்க. ஃபெங்கல் புயல் சமயத்துல தென்பெண்ணை பெருகி எத்தனையோ வயல்ல மணலைக் கொட்டிட்டுப் போச்சு. அதுக்கு முந்தின மாசம் வரைக்கும் அதே வயல் வேற மண்ணு!

கெடிலக்கரை:
பலாத்தோப்பு அண்ணே, நமக்கு முக்காவாசி களிமண்தான். உங்க பக்கம் எப்பவாவது வர்றதுதான்.

வில்லியனூர் டு ஆல்பர்ட்டா:
ஊரை விட்டு வந்தாலும் இந்தச் சண்டை என்னை விட்டுப் போகல. இங்க கனடாவுல பிக்கப் டிரக் வச்சிருக்கிறவங்க இதையேதான் பேசறாங்க: பனிக்கு ஆணி வச்ச டயரா, ஆணி இல்லாததா. பூஜ்யம் டிகிரியை ஒட்டி மேல ஈரம் கசியற ஐஸ் இருக்கே, அதுல ஆணி நல்லா கவ்வும். ஐஸ் இல்லாத தார்ல அதே ஆணி இரைச்சல் போடும், பிடிப்பைக் குறைக்கும், ரோட்டையும் சுரண்டும். ரோடு வீணாகுதுன்னுதான் ஒண்டாரியோவுல வடக்குப் பகுதிக்கு மட்டும், அதுவும் குளிர்கால மாசங்கள்ல மட்டும் விடறாங்க. எங்க ஆல்பர்ட்டாவுல தடை இல்ல. ஆணி இல்லாத ரகத்துல ரப்பரே குளிர்ல இறுகாது, பட்டன்ல மெல்லிசா ஏகப்பட்ட கீறல் இருக்கும். எதை வாங்கினாலும் தனி ரிம்மோட ஒரு செட் வச்சுக்கிட்டு சீசன் முடிஞ்சதும் கழட்டிடறோம். நீங்க ஏன் வருஷம் பூரா ஒரே டயரோட மல்லுக்கட்டறீங்க?

முள்ளோடை டீசல்:
சேத்தைப் பத்திக் கேட்டா பனியைக் கொண்டாந்து கொட்டறாரு பாருங்க. லாரிக்குத் தனியா நாலு ரிம், டியூப், ஃப்ளாப், லாக் ரிங்னு வாங்கி வைக்கச் சொல்றீங்களா?

பட்டறை பாய்:
தனி ரிம் வேண்டாம்ப்பா. ஆனா அவரு சொன்ன "சீசன் முடிஞ்சா கழட்டு"ங்கறதுல விஷயம் இருக்கு, அதுக்கு அப்புறம் வர்றேன். முதல்ல கெடிலக்கரைக்கு ஒரு கேள்வி. வண்டி சேத்துல மாட்டும்போது பின்னாடி ரெண்டு பக்கமும் சுத்துதா, ஒரு பக்கம் மட்டுமா?

கெடிலக்கரை:
ஒரு பக்கம்தான் பாய். இன்னொரு பக்கம் அசையாம நிக்கும்.

பட்டறை பாய்:
அதைத்தான் எதிர்பாத்தேன். டிஃப்ரென்ஷியல் வேலையே அதுதான், எந்தப் பக்கம் லேசோ அந்தப் பக்கம் சக்கரத்தைச் சுத்த விடும். டிஃப் லாக் இருக்கிற வண்டின்னா ரெண்டு பக்கமும் சேந்து இழுக்கும், பாதி நாள் டயரைப் பத்திப் பேச்சே வராது. டிப்பருங்கள்ல பாத்திருப்பீங்க, லோடு லாரியில பல வண்டிக்கு இருக்காது. அது இல்லாத வண்டியில ஒரு சக்கரம் பழைய டிராக்டர் தடத்துல விழுந்தா, லக்கே போட்டிருந்தாலும் அந்த ஒரு பக்கம் மட்டும் உழுதுக்கிட்டு இருக்கும். டிரைவரை முதல்ல தடத்தை விட்டு விலக்கி ஓட்டச் சொல்லுங்க. கரும்புத் தோகையைச் சக்கரத்துக்கு முன்னாடி கனமா பரப்பச் சொல்லுங்க. பாதையே மோசம்னா பாதி லோடை மட்டும் உள்ள ஏத்திக்கிட்டு, மிச்சத்தை டிராக்டர் டிரெய்லர்ல ரோட்டோரம் கொண்டாந்து ஏத்தலாம்.

முள்ளோடை டீசல்:
தோகை, டிரெய்லர் எல்லாம் சரி பாய், ரெண்டு தடவை ஏத்தி இறக்கற கூலி யார் குடுப்பா? அதுவும் லக்குக்கு எதிரான வாதம் இல்ல. லக்கும் போட்டு தோகையும் போட்டா இன்னும் லேசா வருமே?

பட்டறை பாய்:
வரும், இல்லேன்னு சொல்லல. காலி வண்டி திரும்பறதை யோசிச்சீங்களா? தூறல் விழுந்த தார்ல, லோடு இல்லாத பின் சக்கரம், தரையில படற ரப்பரும் ரிப்பைவிடக் குறைவு. பிரேக் அடிச்சா சக்கரம் இறுகிடாம பாத்துக்கற ஏபிஎஸ் இல்லாத பழைய வண்டி. ரெட்டிச்சாவடி பக்கம் திடீர்னு ஒரு பைக் குறுக்க வந்து பிரேக்கை அழுத்தினா பின்பக்கம் ஓரம் வாங்கும். மாட்டிக்கிட்ட வண்டியை டிராக்டர் இழுத்துடும். இதை எது இழுக்கும்?

முள்ளோடை டீசல்:
அந்த ஒண்ணை ஒத்துக்கறேன். ஆனா தேஞ்சு போன ரிப்பும் அங்க வழுக்கத்தான் செய்யும்.

பட்டறை பாய்:
கண்டிப்பா. 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருந்தா சட்டத்துக்குப் போதும், ஐப்பசி மழைக்குப் போதாது. சரி, இப்போ என் யோசனை. கெடிலக்கரை, கழட்டப்போற நாலு டயரையும் தூக்கிப் போடாதீங்க. உள்ள நூல் அறுந்திருக்கா, ஓரம் வெடிச்சிருக்கா, பீட் (ரிம்ல உக்கார்ற விளிம்பு) நல்லா இருக்கான்னு பாத்து, தேறினா அதே கேசிங்ல லக் பட்டன் வச்சு ரீட்ரெட் போடுங்க. பட்டனை எந்தப் பேட்டர்ன்ல வேணும்னாலும் ஒட்டுவாங்க. கரும்பு சீசன் முடியற வரைக்கும் அதை ஓட்டுங்க. வெயில் ஏறி செங்கல் லோடு ஆரம்பிக்கும்போது புது ரிப் நாலு வாங்கி அதே ரிம்ல மாட்டிக்கிட்டு, லக்கை அடுத்த மழைக்கு நிழல்ல வச்சிருங்க. சூடு ஏறற மாசத்துல லக் வண்டியில இருக்கக் கூடாது, என் கவலை அவ்வளவுதான்.

பலாத்தோப்பு:
ரீட்ரெட்ல ஓவர்லோடு ஏத்தினா பட்டை உரிஞ்சு வந்துடாதா பாய்?

பட்டறை பாய்:
ஏத்தினா புது டயரும்தான் வெடிக்கும். 2018ல பின் ஆக்சிலுக்கு 10.2 டன்ல இருந்து 11.5 டன்னா கூட்டிட்டாங்க. நாலு டயருக்குப் பங்கு போட்டா ஒண்ணுக்குக் கிட்டத்தட்ட 2.9 டன். அதுக்கு மேல போறது உங்க இஷ்டம். ஒண்ணு மட்டும் முக்கியம்: ஜோடி டயர்ல உள்ளதும் வெளியதும் ஒரே உயரமா இருக்கணும். ஒண்ணு பெருசா இருந்தா பாரம் பூரா அதும்மேல உக்காரும். நேரான சட்டத்தை ரெண்டு டயர் மேலயும் படுக்க வச்சுப் பாத்தாலே தெரிஞ்சுடும். லக்கையும் ரிப்பையும் ஜோடி சேக்காதீங்க, காத்தும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கட்டும்.

கெடிலக்கரை:
அப்படியே செய்யறேன் பாய். ரெண்டு கேசிங் தேறும், மத்த ரெண்டைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். அப்போ ஸ்டெப்னி எதை வச்சுக்கறது?

முள்ளோடை டீசல்:
லக்!

பட்டறை பாய்:
ரிப். முன்னாடி பஞ்சரானா லக்கை அங்க மாட்ட முடியாது, ஸ்டியரிங் ஆடும். பின்னாடி பஞ்சரானா லோடை வச்சுக்கிட்டு ஸ்டெப்னியை ஜோடி சேக்கிற வேலையே வேண்டாம், அதே டயரைக் கழட்டி அங்கேயே பஞ்சர் போட்டு மாட்டச் சொல்லுங்க.