1100 டெலைட் டேஷ்போர்டு: எந்த நிறத்துக்கு மேட்ச் செய்வது?

டெலைட்66
வண்டி 1966 ஃபியட் 1100 டெலைட். முன்கண்ணாடி ரப்பருக்குக் கீழே டேஷ்போர்டு தகடு துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. அதை வெட்டிப் புதுத் தகடு வைத்து வெல்டிங் முடிந்தாயிற்று, இனி பெயிண்ட். கிளவ்பாக்ஸைக் கழற்றினால் பின்னால் நீலம் கலந்த சாம்பல் தெரிகிறது. வெயில் பட்ட முன்பக்கம் பழுப்பேறிய சாம்பல். கதவு மேல்விளிம்பும் அந்தப் பழுப்புதான். பெயிண்டர் "மெஷின்ல ஸ்கேன் பண்ணிக் கலந்துடலாம்" என்கிறார். எதை ஸ்கேன் செய்யச் சொல்வது?

ஒரிஜினல்_மட்டும்
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதுதான். மும்பை குர்லா தொழிற்சாலையிலிருந்து வண்டி வெளியே வந்தபோது இருந்த நிறம் அது. முன்னால் இருப்பது வெயில் செய்த வேலை. வெளுத்ததற்கு மேட்ச் செய்தால் சேதத்துக்கு மேட்ச் செய்த மாதிரி. டேஷ்போர்டு முழுக்க, கதவு மேல்விளிம்பு நான்கும், கூரையைத் தாங்கும் பில்லர் எல்லாம் சேர்த்து அடித்துவிடுங்கள்.

கியர்ராடு
அப்புறம் சீட்டும் மேல் லைனிங்கும் ஸ்டீயரிங் வீலும் என்ன செய்யும்? அவை எல்லாம் பழுத்துப்போய் நிற்க, டேஷ்போர்டு மட்டும் 1966-க்குத் திரும்பிப் போனால் கண்ணை உறுத்தும். ஒட்டுப்போட்ட இடத்தைச் சுற்றியிருக்கும் நிறத்துக்கு மேட்ச் செய்யுங்கள், போதும். பழைய வண்டிகளுக்கான உலக அமைப்பான ஃபீவாவின் டூரின் சாசனமும் இருப்பதைக் காப்பாற்றுவதைத்தான் முதலில் வைக்கிறது. நல்ல பெயிண்ட் மிச்சம் இருக்கும் நான்கு கதவையும் எதற்குச் சுரண்ட வேண்டும்?

இன்னொன்று. மறைவில் இருந்ததால் அது மாறவே இல்லை என்று யார் சொன்னது? எண்ணெய் கலந்த எனாமல் இருட்டிலேயே மஞ்சளடிக்கும். என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்டும் வயதானால் மஞ்சளாகும். கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் இருப்பதும் கிழடுதான் சார், வெயில் படாத கிழடு.

ஒரிஜினல்_மட்டும்
கியர்ராடு, அதற்கு வழி இருக்கிறது. இருட்டில் வந்த மஞ்சள், வெளிச்சத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கிளவ்பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்து, லேசாகப் பாலிஷ் காம்பவுண்ட் போட்டு, ஜன்னலோரம் சில நாள் வைத்துப் பார்க்கலாம். பெயிண்ட் எந்த வகை என்பதையும் பார்த்துவிடலாம். மறைவான இடத்தில் தின்னர் நனைத்த துணியால் தேய்த்தால் என்.சி. கரைந்து துணியில் ஒட்டும். சூடுகாட்டி இறுகிய எனாமல் அவ்வளவு சுலபத்தில் அசையாது.

ஆர்சி_புக்
குறுக்கே வருகிறேன். உள் பெயிண்டை மாற்றினால் ஆர்.டி.ஓ.வில் கேட்பார்களா என்று ஒருவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். ஆர்.சி.யில் இருப்பது வெளி நிறம். 50 வருடம் தாண்டிய வண்டிகளுக்கான 2021 விதியும் சேசிஸ், பாடி, எஞ்சின் மாற்றத்தைத்தான் பேசுகிறது. நீங்கள் சண்டையைத் தொடருங்கள்.

பட்டி_பேப்பர்
நான் பெயிண்ட் அடிப்பவன். இரண்டு பேரும் தப்பான இடத்தைப் பார்க்கிறீர்கள்.

டேஷ்போர்டுக்குப் பின்பக்கம் யாரும் நிதானமாக ஸ்ப்ரே செய்ததில்லை. முன்பக்கம் அடிக்கும்போது பறந்துவந்து படிந்த தூசுதான் அங்கே இருப்பது. மெல்லிசாக, சொரசொரப்பாக, பாதி ப்ரைமர் தெரியும்படி இருக்கும். மெஷினுக்குச் சமமான, சுத்தமான பரப்பு வேண்டும். அந்த இடத்தில் வைத்தால் ப்ரைமரையும் சேர்த்துப் படித்து ஒரு ஃபார்முலா துப்பும். முன்பக்கத்திலேயே ஏதாவது மூடிக்கொண்டிருந்த இடத்தைத் தேடுங்கள்: ஸ்பீடோமீட்டர் ஃபிரேம் உட்காரும் விளிம்பு, கதவில் டோர் பேட் (கதவின் உள்பக்க அட்டை) ஏறி மறைக்கும் பட்டை. அங்கே முழுக் கோட் இருக்கும், வெயிலும் பட்டிருக்காது.

ஃபார்முலா கையில் வந்தபிறகும் வேலை இருக்கிறது. அன்றைய நிறப்பொடி (பிக்மென்ட்) வேறு, இன்று கடையில் கலக்கும் நிறம் (டின்டர்) வேறு. கடை டியூப்லைட்டில் ஒட்டிப்பிறந்த மாதிரி இருக்கும் இரண்டு சாம்பல், வெயிலுக்கு வந்ததும் ஒன்று பச்சை தட்டும், ஒன்று ஊதா தட்டும். அதனால் டப்பாவில் குச்சியை விட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அதே ப்ரைமர் மேல் சின்னத் தகட்டில் அடித்து, நன்றாகக் காயவிட்டு, வண்டிக்குள் டேஷ்போர்டு மேலேயே படுக்கவைத்துப் பாருங்கள். நிழலில் ஒரு தடவை, உச்சி வெயிலில் ஒரு தடவை, ராத்திரி உள்விளக்கில் ஒரு தடவை. கதவுக்கு அதே தகட்டை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும். படுத்த தகடும் நின்ற தகடும் ஒரே பெயிண்டிலும் ஒரே மாதிரி தெரியாது.

பளபளப்பும் கவனம். பளபளப்பைக் குறைக்கும் மேட் கலக்கக் கலக்க நிறம் வெளிறித் தெரியும். ஷேடை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு மேட் போட்டால் உழைப்பு வீண்.

டெலைட்66
அண்ணா, டோர் பேடைக் கழற்றிப் பார்த்தேன். கீழே விரலகலத்துக்கு நல்ல பெயிண்ட் இருக்கிறது. கிளவ்பாக்ஸுக்குப் பின்னால் பார்த்த அளவுக்கு நீலம் இல்லை. பழுப்புக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாம்பல்.

ஒரிஜினல்_மட்டும்
அப்போ அதுதான் குர்லா நிறம். அதற்குக் கலந்து முழுக்க அடியுங்கள்.

கியர்ராடு
டேஷ்போர்டுக்கு அடிக்கட்டும், அதில் பாதி ஏற்கெனவே புதுத் தகடு. கதவு மேல்விளிம்பு ஏன்? உரிந்திருக்கிறதா? இல்லையே. மேலே பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் ஏற்றினால் அடியில் இருக்கும் என்.சி. சுருங்கி எழும்பும். பிறகு தகடு வரை சுரண்டியே ஆக வேண்டும். மிச்சமிருந்த ஒரே சாட்சியும் போய்விடும்.

பட்டி_பேப்பர்
கியர்ராடு சொல்வது சரிதான், என்.சி.யாக இருந்தால் எழும்பும். தம்பி, முதலில் தின்னர் துணி வைத்துப் பாருங்கள். கதவை எப்படியும் அடிப்பதானாலும் பேட் மறைக்கும் அந்தப் பட்டையை மாஸ்கிங் டேப் ஒட்டி அப்படியே விட்டுவிடுங்கள். டேஷ்போர்டைத் தேய்க்கும்போது வாட்டர் பேப்பரில் ஈரமாகத் தேயுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசாகப் பறக்கவிட வேண்டாம். பி.யு. ஹார்டனர் என்றால் துண்டு கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை ஆகாது, சரியான மாஸ்க் வேண்டும்.

டெலைட்66
டேஷ்போர்டுக்குப் பேட் அடியில் இருக்கும் சாம்பல். கதவை இப்போதைக்குத் தொடவில்லை.

ஒரிஜினல்_மட்டும்
ஒரே வண்டிக்குள் இரண்டு சாம்பலா? உச்சி வெயிலில் ஒரு போட்டோ போடுங்கள் தம்பி, பிறகு பேசுவோம்.