பெயர் தெரியாத ஒரு மாத நாவல், 80களின் கடைசி, யாராவது படித்திருக்கிறீர்களா?

அம்மா கும்பகோணத்தில் ஒரு வாடகை நூலகத்தில் எடுத்துப் படித்த க்ரைம் நாவல். வருஷம் 1987லிருந்து 89க்குள். பெயரும் எழுதியவரும் சுத்தமாக மறந்துவிட்டது, கதை மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதாம். கோவையில் ஒரு மில் முதலாளி வீட்டுக்கு டைப்பிஸ்டாகப் போகும் பெண், அவர் சொல்லச் சொல்ல உயிலை அடிக்கிறாள், கடைசிப் பக்கம் வரும்போது வாரிசு என்ற இடத்தில் செத்துப்போன தன் அப்பா பெயரையே அடிக்க வேண்டி வருகிறது.

சாணித்தாள், நடுவில் பின் அடித்தது, பின்னட்டையில் பல்பொடி விளம்பரம். கோவை என்றதும் அந்த ஊர் க்ரைம் எழுத்தாளர் ராஜேஷ்குமார் என்பீர்கள், நானும் அங்கேதான் ஆரம்பித்தேன். ஆனால் அவர் கதைகளில் துப்பறியும் விவேக், அவன் மனைவி ரூபலா இருவரும் வரவே இல்லை என்கிறார் அம்மா. பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத்-சுசீலா, சுபாவின் ஜோடி நரேந்திரன்-வைஜெயந்தியும் இல்லை, துப்பறிகிறவர் என்று யாருமே கிடையாதாம்.

மூர் மார்க்கெட், திருவல்லிக்கேணி பிளாட்பாரக் கடைகள், இணையத்தில் கிடைக்கும் ஸ்கேன் பிரதிகள் எல்லாம் பார்த்தாகிவிட்டது. அந்த நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. பழைய மாத நாவல்களை இரண்டு மூன்றாகச் சேர்த்து வேறு தலைப்பில் மறுபதிப்பு போடுவதால் தலைப்பை வைத்துத் தேடியும் பிரயோஜனமில்லை.

இந்தக் கதை எந்த நாவல், யார் எழுதியது?