சுடுமல்லியைத் தாங்கும் சோளம் போட்டும் வெள்ளைப் பூ வருகிறதே, ஏன்?

மானாவாரிக்காரன்:
வணக்கம். மூன்று வருடமாகச் சோளத்தில், வேரில் ஒட்டிச் சத்தை உறிஞ்சும் சுடுமல்லிக் களையின் தொல்லை. போன தடவை மண்ணில் ஈரம் இருந்தும் பயிர் வாடி நின்றது, என்னவென்று புரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோதுதான் வரிசைக்குள் வெள்ளைப் பூவோடு தலை காட்டியது. இந்த முறை சுடுமல்லியைத் தாங்கும் ரகம் என்று சொல்லிக் கொடுத்த விதையைப் போட்டேன். கதிர் பரவாயில்லை, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சுடுமல்லி முன்னைவிட அதிகம். எதிர்ப்புத் திறன் இருந்தால் ஒட்டவே கூடாது இல்லையா? என்னை ஏமாற்றிவிட்டார்களா?

களைக்கொத்து:
ஏமாற்றவில்லை என்றே நினைக்கிறேன். "தாங்கும்" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள். தாங்குவது வேறு, எதிர்ப்பது வேறு. தாங்கும் ரகத்தின் வேரில் சுடுமல்லி ஒட்டும், உறிஞ்சும், பயிர் அதையும் சமாளித்துக் கதிர் வைக்கும். பயிர் தெம்பாக இருந்தால் அதில் சாப்பிடுகிறவனும் தெம்பாகத்தான் இருப்பான். ஒரு செடி பல்லாயிரம் விதை போடும், தூசி மாதிரி இருக்கும், பத்து வருடத்துக்கு மேல்கூட மண்ணில் உயிரோடு கிடக்கும். கதிரைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே அடுத்த பத்து வருடத்துக்கான களையை விதைத்துவிடுவோம். எதிர்க்கும் ரகம் என்றால் வயலில் சுடுமல்லியின் எண்ணிக்கையே குறைய வேண்டும்.

வேர்முடிச்சு:
மேலே சொன்னது சரி. எதிர்ப்பிலும் பல தினுசு இருக்கிறது. சுடுமல்லி விதை தானாக முளைக்காது, பக்கத்தில் வேர் இருக்கிறது என்ற வாசனை வேண்டும். ஸ்ட்ரைகோலாக்டோன் என்று வேரிலிருந்து கசியும் பொருள்தான் அந்த வாசனை. முளைத்த பிறகு சில நாளுக்குள் வேரைத் தொடாவிட்டால் செத்துப்போகும், கையிருப்பு அவ்வளவுதான்.

அப்படியானால் அந்தப் பொருளைச் சுரக்காத பயிரை உருவாக்கிவிடலாமே என்று எனக்கும் முதலில் தோன்றியது. சிக்கல் என்னவென்றால், பயிர் அதைச் சுரப்பது சுடுமல்லிக்காக இல்லை. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) மண்ணிலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் வேர் உட்பூசணத்தைக் கூப்பிடத்தான். சுடுமல்லி ஒட்டுக்கேட்டுக்கொண்டு வருகிறது! மணிச்சத்து குறைந்த மண்ணில் பயிர் இன்னும் சத்தமாகக் கூப்பிடும், அதனால்தான் சத்தில்லாத நிலத்தில் இந்தக் களை இவ்வளவு ஆட்டம் போடுகிறது.

சில சோள வகைகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. சுரப்பதை நிறுத்தாமல் சுரக்கும் வகையை மாற்றிக்கொள்கின்றன. எல்ஜிஎஸ்1 என்ற மரபணு செயலிழந்தால் 5-டீஆக்சிஸ்ட்ரைகால் என்ற வகைக்குப் பதில் ஓரோபேன்கால் என்ற வகை வருகிறது, அதற்குச் சுடுமல்லி விதை அவ்வளவாக முளைப்பதில்லை. 2017இல்தான் இந்த மரபணுவை அடையாளம் கண்டார்கள். ஆனால் அதற்கு வெகு முன்பே எத்தியோப்பியாவில் பிறந்த பயிர் விஞ்ஞானி கெபிசா எஜெட்டா சுடுமல்லியை எதிர்க்கும் சோள ரகங்களை உருவாக்கிவிட்டார், 2009இல் உலக உணவுப் பரிசும் வாங்கினார். இது தவிர, ஒட்டிய பிறகு தடுக்கும் வகைகளும் உண்டு. சுடுமல்லியின் உறிஞ்சுவேர் நுழையும் இடத்தில் பயிரின் செல்களே மடிந்து வழியை அடைத்துவிடும்.

உழுதுண்பான்:
எல்லாம் சரி, ஆனால் ஒரே மரபணுவை நம்பி உட்காரக் கூடாது. தட்டைப்பயறைத் தாக்கும் சுடுமல்லி இனம் ஒன்று இருக்கிறது. போட்ஸ்வானாவிலிருந்து வந்த பி301 என்ற தட்டைப்பயறு அதன் பல வகைகளை எதிர்த்து நின்றது, கடைசியில் பெனின் நாட்டில் இருந்த ஒரு வகையிடம் தோற்றது. எந்த ரகம் போட்டாலும் நடுவில் ஒரு பருவம் பருத்தி போடுங்கள் என்பேன். பருத்தி வேரும் சுடுமல்லியை முளைக்க வைக்கும் (அந்த முளைப்பூட்டும் பொருளை 1966இல் முதலில் பிரித்தெடுத்ததே பருத்தி வேரிலிருந்துதான்), ஆனால் அதில் ஒட்டிப் பிழைக்க முடியாது. முளைத்து ஏமாந்து சாகும். ஒரே பருவத்தில் மண் சுத்தமாகிவிடும் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

மானாவாரிக்காரன்:
நன்றி ஐயா, எல்லாருக்கும். அந்த ஒரு வார்த்தையில் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. இப்போது பூத்து நிற்கிறதே, பிடுங்கலாமா? எப்படியும் உறிஞ்சி முடித்துவிட்டது, இனி பிடுங்கி என்ன பயன் என்றும் தோன்றுகிறது.

களைக்கொத்து:
இந்தப் பயிருக்குப் பெரிதாகப் பயன் இல்லை, உண்மைதான். மண்ணுக்கு மேலே வருவதற்கு முன்பே பாதி சேதம் முடிந்துவிடும். ஆனாலும் காய் முற்றுவதற்குள் பிடுங்கிவிடுங்கள். காய் பிடித்த செடியை வரப்பில் போட்டு வைக்காதீர்கள், வெளியே கொண்டுபோய் எரித்துவிடுங்கள். மாட்டுக்கும் போட வேண்டாம், விதை சாணியோடு திரும்ப வயலுக்கே வந்து சேரும். அப்புறம் அடுத்த வயலில் இறங்குவதற்கு முன் மண்வெட்டியில் ஒட்டின மண்ணைத் தட்டிவிடுங்கள்.