இரண்டடிப் பவளத் தொட்டிக்கு எந்த லைட்? நான் சூடு பட்ட கதை

தருமபுரி தொட்டிக்காரன்:

கடலுக்குப் போக வேண்டுமென்றால் ராத்திரி பஸ் பிடிக்க வேண்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு உப்புத்தண்ணீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். 2 அடி நீளம், அகலமும் உயரமும் 1 அடி. விளிம்பு வரை ஊற்றினால் 56 லிட்டர், கல்லும் மணலும் போக 45 தேறும். உள்ளே ஜோவாந்தஸ் இரண்டு கொத்து, மஷ்ரூம் நான்கு, ஒரு லெதர் (மூன்றும் கல் எலும்பு இல்லாத சாஃப்ட் பவளங்கள்), ஒரு ஜோடி க்ளௌன் மீன்.

முதலில் நீர்ச்செடி வளர்த்த பழைய மீன் தொட்டியில் இருந்த 6500 கெல்வின் வெள்ளை எல்இடி பட்டையையே மாட்டினேன். மூன்றாவது வாரம் கண்ணாடியில் பழுப்புப் பாசி, கல்லில் முடிமுடியாகப் பச்சைப் பாசி. "இதுக்கா இவ்வளவு செலவு? எங்க ஊர்க் கிணத்துல சும்மாவே கிடைக்குமே" என்றார் மாமியார். புதுத் தொட்டியில் பாசி வருவது வழக்கம்தான், எல்லாப் பழியையும் விளக்கின் மேல் போட முடியாது. ஆனால் நான் போட்டேன்.

பெங்களூருவில் ஒரு கடைக்குப் போனேன். "ரீஃப் (பவளத் தொட்டி) என்றால் பவர் வேண்டும் சார்" என்று 165 வாட்ஸ் விளக்கைத் தலையில் கட்டினார்கள். நீலத்துக்கு ஒரு திருகு, வெள்ளைக்கு ஒரு திருகு. மாட்டிய அன்றே இரண்டையும் கடைசி வரை திருப்பிவிட்டேன். தொட்டி தீபாவளி ஜவுளிக்கடை மாதிரி ஜொலித்தது. நான்காம் நாள் லெதர் தன் விரல்களையெல்லாம் உள்ளே இழுத்துக்கொண்டு வழுக்கைத் தலையாக நின்றது. சிவப்பு மஷ்ரூம்கள் ஓரத்திலிருந்து வெளுத்து, உள்ளங்கை அகலம் இருந்தவை ஐந்து ரூபாய் நாணயத்துக்குச் சுருங்கின. ஒன்றைக் காணவே காணோம்.

அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பவளத்தின் சதைக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது வெளிச்சத்தில் சமைப்பதில்தான் பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு. வெளிச்சம் மிதமிஞ்சினால் அந்தப் பாசியே உள்ளே நஞ்சை உண்டாக்க, பவளம் அதை வெளியே துப்பிவிடும். வெளுப்பு என்பது அதுதான். வெளிச்சம் போதாவிட்டால் பெரும்பாலும் பழுப்படித்துப் போகும்.

இன்னொரு விஷயம், கடையில் யாரும் சொல்லாதது. நம் நாட்டில் கல் பவளங்கள் அத்தனையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. வீட்டில் வைத்துக்கொள்ளும் பேச்சே கிடையாது. 200, 300 பார் (400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளியின், அதாவது பாசிக்குப் பயன்படும் பங்கின் அளவு) கேட்கும் அக்ரோபோரா வகையெல்லாம் அந்தக் கூட்டம்தான். சாஃப்ட் வகைக்கு 50 முதல் 150 வரை தாராளம், மஷ்ரூமுக்கு 50 போதும். வெளிநாட்டு வீடியோ பார்த்து லைட் வாங்கினால் நமக்குத் தேவையே இல்லாததற்குக் காசு கொடுப்போம். நான் கொடுத்தேன்.

ஓசூர் ரோஜா:

அண்ணா, நாங்கள் பாலிஹவுஸில் (பிளாஸ்டிக் கூடாரத்தில்) ரோஜா போடுகிறவர்கள். புது நாற்றைக் கொண்டுவந்ததும் நேரே வெயிலில் வைக்க மாட்டோம், நிழல்வலைக்குக் கீழே வைத்துப் பழக்குவோம். என் ஒன்றரை அடித் தொட்டியிலும் அதே வேலைதான் செய்தேன். கொசுவலையை இரண்டு மடிப்பாக மேலே விரித்து, பத்து நாளைக்கு ஒரு மடிப்பு எடுத்தேன். திருகு இருக்கிற விளக்கென்றால் 20, 30 சதவீதத்தில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினாலும் சரி.

நான் ஏமாந்தது மீட்டரில். பாலிஹவுஸில் வெளிச்சம் அளக்கும் லக்ஸ் மீட்டரைக் கொண்டுவந்து தொட்டி மேல் பிடித்தால் நீல விளக்கில் முள் எழும்பவே இல்லை. போதாது போதாது என்று ஏற்றிக்கொண்டே போனேன். லக்ஸ் என்பது நம் கண்ணுக்கான கணக்கு, பச்சைப் பக்கம் 555 நானோமீட்டரில்தான் அதற்கு உச்சம். பவளத்துக்கு வேண்டிய 450 பக்கத்து நீலத்தை அது ஏறக்குறைய கண்டுகொள்வதே இல்லை. போன் ஆப்பும் இதே கதைதான். கடைசியில் ஒரு நண்பரிடம் பார் மீட்டர் இரவல் வாங்கினேன். விளக்குக்கு நேர் கீழே எட்டு அங்குல ஆழத்தில் 140, மூலையில் 45. அதே தொட்டி, அதே விளக்கு! இப்போது லெதர் நடுவில், மஷ்ரூம் மூலையில்.

காவேரிப்பட்டணம் வயர்மேன்:

வெளிச்சம் பற்றி எனக்கு அதிகம் தெரியாது, கரண்ட் பற்றிச் சொல்கிறேன். உப்பு எதையும் விடாது. விளக்கின் சின்ன ஃபேனில் வெள்ளையாகப் பூத்திருந்தால் அது தூசு இல்லை, உப்பு. ஃபேன் நின்றால் எல்இடி சூடேறிப் போய்விடும். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு தொங்கல் விட்டு மேலே கொண்டுபோங்கள், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். தொட்டி லைனுக்கு ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாமல் கையை உள்ளே விடாதீர்கள்.

கிருஷ்ணகிரி அக்கா:

ஜன்னல் வெளிச்சம் இலவசம்தானே என்று மேற்கு ஜன்னலோரம் வைத்த ஆள் நான். ஏப்ரல் சாயங்காலம் நாலரை மணிக்கு வெயில் நேரே விழுந்து தண்ணீர் 31 டிகிரி. க்ளிப் ஃபேன் வைத்து 27க்கு இறக்கினால் தினமும் ஒரு லிட்டர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு உள்ளேயே நிற்கும், அதனால் ஆர்ஓ தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், உப்புத்தண்ணீர் இல்லை. தொட்டியை உள்சுவருக்கு மாற்றிய பிறகுதான் நிம்மதி. தம்பி, இப்போது என்ன லைட் ஓடுகிறது உங்களிடம்?

தருமபுரி தொட்டிக்காரன்:

30 வாட்ஸ்தான் அக்கா, நீலம் தூக்கலாக இருக்கும். தண்ணீருக்கு மேல் பத்து அங்குல உயரத்தில் தொங்குகிறது. டைமரில் பகல் 12 முதல் இரவு 9 வரை, அதில் வெள்ளை நாலு மணி நேரம் மட்டும். வேலை முடிந்து வந்து பார்ப்பதற்காகத்தான் இந்த நேரம், பவளம் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. ஜோவாந்தஸ் ஏழு தலையிலிருந்து பதினொன்றாகிவிட்டது.

காணாமல் போன மஷ்ரூமும் கிடைத்தது. கல்லை நகர்த்தித் துடைத்தபோது பார்த்தேன், பின்பக்க நிழலில் ஒட்டிக்கொண்டு, மற்றவற்றைவிடப் பெரிதாக விரிந்து கிடக்கிறது.

165 வாட்ஸ் விளக்கு பெட்டியோடு பரணில் இருக்கிறது. நாலடித் தொட்டி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.